முள் நாற்பதைத் தாண்டினால்

என் மருமகள் சீதனமாக ஓர் ஓணானைக் கொண்டுவந்தவள். நகையும் வேண்டாம் காணியும் வேண்டாம் என்று மகன் பெருந்தன்மை காட்டிவிட்டான். அவளும் சரி என்று கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஜிந்துப்பிட்டியில் இருந்து வெள்ளவத்தைக்கு வந்தாள். கொஞ்ச நாளில் மகன் கட்டாருக்குப் போய்விட்டான். மாடிவீட்டில் மிஞ்சியது நானும் அவளும் அதுவும்.

வெளிநாட்டுச் சாதி ஓணான். கழுத்தைச் சுற்றி முள்ளுமுள்ளாகத் தாடி. அதன் முகத்தில் விழிக்கவே எனக்குப் பிடிக்காது. அவளுக்கோ அது பிள்ளை. தொட்டியின் ஒரு பக்கம் முப்பத்தெட்டுப் பாகைச் சூடு இருக்கவேண்டுமாம், மற்றப் பக்கம் இருபத்தெட்டாம். வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் குனிந்து குனிந்து வெப்பமானியின் முள்ளைப் பார்ப்பாள். அடுத்த அறையில் நான் வெக்கையில் அவிந்து கிடப்பேன். என் பக்கம் எத்தனை பாகை என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

என்னை அவள் கூப்பிடுவது அத்தை என்று. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் மாமி என்பார்கள். சொல்லியும் பார்த்தேன். "எங்க வீட்ல அப்படித்தாங்க கூப்புடுவோம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

ஒரு நாள் விடியவே அவளுடைய தாயைக் களுபோவில ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகத் தொலைபேசி வந்தது. அதுவரை தொட்டியில் என் கைபட விடாதவள் அன்றைக்கு வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தாள். மேலே இரண்டு விளக்குகள் இருந்தன. ஒன்றைப் போட்டு வைத்திருந்தாள். மற்றது மழை நாளுக்கு.

"அத்தை, மத்தியானம் வெயில் இந்தப் பக்கம் அடிக்கும். முள்ளு நாப்பத தாண்டுச்சின்னா லைட்ட அமத்திருங்க. மறந்துறாதீங்க."

"இலக்கம் எனக்கும் தெரியும். நீர் போம்."

"இல்ல, சூடு கூடினா செத்துரும். அதான் சொல்றேன்."

என் கையில் அது செத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து மாமியார் வாயில்லாச் சீவனைக் கொன்றுபோட்டாள் என்று ஜிந்துப்பிட்டி முழுக்கக் கதை போகும். அதற்கு நான் இடம் வைப்பேனா? சமையலை அரைகுறையில் விட்டுவிட்டுக் கதிரையைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

வெயில் கடல் பக்கம் திரும்பியதும் முள் நாற்பதைத் தாண்டியது. எங்கள் ஊரில் அமத்துவது என்றால் விரலால் அழுத்துவது. வாசல் மணியை அமத்துவோம். விளக்கை அணைப்பதென்றால் நூர்ப்போம். ஒரு விளக்கு ஏற்கனவே எரிகிறதே என்று மற்ற விளக்கின் பொத்தானை நன்றாக அமத்தினேன். அதுவும் பளிச்சென்று எரிந்தது. பாலைவனத்து மிருகம், அதற்கு என்ன முறையோ என்று இருந்துவிட்டேன்.

சற்று நேரத்தில் அது வாயை ஆவென்று பிளந்துகொண்டு என்னைப் பார்த்தது. இந்த வீட்டில் எல்லாரும்தான் எனக்கு வாய் காட்டுகிறார்கள், நீயுமா என்று ஏசினேன். பிறகு மற்றப் பக்கம் ஓடிப்போய்க் கண்ணாடியைப் பிறாண்டியது. பிறாண்டிக் களைத்து வயிறு ஒட்டக் கிடந்தது. தொலைபேசியை எடுத்தேன்.

"உம்மடை ஓணான் ஒரு மாதிரிக் கிடக்குது."

"முள்ளு எங்க நிக்குது அத்தை?"

"நாப்பத்தாறு."

"ஐயோ! லைட்ட அமத்துங்கன்னு சொன்னேன்ல!"

"அமத்தினனான்தானே."

"அமத்துனா எப்படி நாப்பத்தாறு வரும்?"

"அதை உம்மடை ஓணானிட்டைக் கேளும். ரெண்டு லைற்றும் நல்லாத்தான் எரியுது."

"ரெண்டுமா? அமத்துங்க! ரெண்டையும் அமத்துங்க!"

அவள் அமத்து என்றது நூர்க்கச் சொல்லித்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பொத்தானில் விரலை வைத்தேன். வைத்த விரலை அப்படியே வைத்திருந்தேன்.

"அமத்தித்தான் எரியுது. இனி என்ன செய்யவேணும்? வடிவாச் சொல்லும்."

"வெளாடாதீங்க அத்தை, செத்துரும்!"

"நீர் சொல்லுற பாஷை எனக்கு விளங்கேல்லை."

ஆஸ்பத்திரி இரைச்சலுக்குள் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு குரல் உடைந்து வந்தது.

"நூருங்கோ... மாமி, நூருங்கோ!"

நூர்த்தேன். இரண்டையும். யன்னல் சீலையை இழுத்துவிட்டு, தொட்டி மூடியைக் கழற்றி வைத்துக் காற்றாடியைப் போட்டேன். அவள் தொலைபேசியை வைக்கவில்லை. முள் எங்கே, முள் எங்கே என்று கேட்டபடி இருந்தாள். நானும் சொன்னேன். வெகுநேரம் கழித்து முள் முப்பத்தெட்டுக்கு வந்தது. ஓணான் வாயை மூடி ஒரு கண்ணைத் திறந்தது.

"இருக்குது" என்றேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

வேண்டுமென்றுதான் நூர்க்காமல் வைத்திருந்தேன் என்பது அவளுக்குத் தெரியும். பின்னேரம் வந்தவள் செருப்போடேயே தொட்டியடிக்குப் போய் அதைத் தூக்கி மார்பில் வைத்துக்கொண்டாள். எனக்கு முதுகுதான். தாய்க்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் ஓணானின் தாடியைத் தடவினாள். கேட்கவேண்டியதைக் கேட்டேன், என் கடமை முடிந்தது.

பிறகு மருதானையில் இருந்து ஒரு கருவி வாங்கிவந்து பூட்டினாள். முள் ஏறினால் விளக்கு தானாகவே நூர்ந்துவிடும். இப்போது அவள் என்னை அத்தை என்பதும் இல்லை, மாமி என்பதும் இல்லை. "சாப்பாடு மேசைல இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். நானும் சுவரைப் பார்த்தே "ஓம்" என்கிறேன்.