காலி பாட்டில் சன்னலில் இருவர்

குடித்தவர் மேல் வீசும் வாடையைவிட, குடித்து முடித்த பாட்டிலின் வாடை கொடியது என்பது இந்த வேலைக்கு வந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அரசு மதுக்கடையில் பீர் வாங்கினால் பத்து ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்தக் கடை ஸ்டிக்கரோடு காலி பாட்டிலை அதே கடையில் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் வாபஸ். அந்தக் காலி பாட்டில்களை வாங்கி அடுக்க, எங்கள் மகளிர் குழுவிலிருந்து என்னையும் செல்வி அக்காவையும் எடுத்தார்கள். மாதக் கடைசிக்குப் பிறகு இருவரில் ஒருத்தி போதும் என்று சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லிவிட்டார். என் கணவருக்கு ஓசூர் கம்பெனி வேலை போய்விட்டது. மகளுக்கு ஒன்றரை வயது. பக்கத்து நாற்காலிக்காரி உங்களைவிடக் கெட்டிக்காரியாக அமைந்துவிட்டவர்களே, இதை நீங்கள்தான் படிக்க வேண்டும்.

பொம்மிடி ஸ்டிக்கர்

நான் படித்த கான்வென்ட் பள்ளியில் சிஸ்டர்கள் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள், தள்ளாடுகிறவரிடம் பேசுவதைத் தவிர. இண்டூர்க்காரர் ஒருவர் பை நிறையப் பாட்டிலோடு வந்தார். "இது பொம்மிடி கடை ஸ்டிக்கர்ங்க, அங்கதான் குடுக்கணும்" என்றேன். அவர் சன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார். என் நாற்காலி தானாகவே பின்னால் போனது.

செல்வி அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏங்க மாமா, பொண்ணெடுத்த வூட்டுலதான சீர் கேப்பீங்க? பக்கத்து வூட்டுல போயி கேப்பீங்களா?" அவர் சிரித்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. போகும்போது என்னைக் காட்டிச் சொன்னார்: "அந்தப் புள்ளயும் இதத்தான் சொல்லுச்சு. ஆனா அழுவற மாதிரியே சொல்லுது."

சுத்தம்

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மகள் என் தோளில் முகம் வைக்காமல் திரும்பிக்கொண்டாள். மறுநாள் செல்வி அக்கா சாப்பிடப் போன நேரத்தில், அடுக்கியிருந்த பாட்டில்களை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். வாடை போனது. ஸ்டிக்கர்களும் போயின. ஸ்டிக்கர் இல்லாத பாட்டில் கணக்கில் சேராது.

சூப்பர்வைசர் பளபளத்த பாட்டில்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, இதுல என்ன பாயசமா ஊத்தப்போறோம்?"

மாதக் கடைசி

இனி அக்காவுக்குத்தான் வேலை என்று தெரிந்துவிட்டது. அதனால் அவள் கையையே கவனித்தேன். வரப்போரம் பாட்டில் பொறுக்கும் ஒரு அம்மாவிடம், மழையில் ஸ்டிக்கர் கரைந்துபோன பாட்டில்களை அவள் சத்தமில்லாமல் வாங்கிப் போடுவதைப் பார்த்தேன். இரண்டு நாள் என்னோடு நானே சண்டை போட்டேன். மூன்றாம் நாள் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். சட்டம் சட்டம்தானே என்று சொல்லும்போது என் குரல் முதல்முறையாக நடுங்கவில்லை.

அன்றே அக்காவை நிறுத்திவிட்டார்கள். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். "நீதான் சொன்னேன்னு தெரியும் கண்ணு. நானும் உன்னப் பத்திப் போட்டுக்குடுக்க புதுசா எதாச்சும் சிக்குமான்னு தெனமும் பாத்துட்டுதான் இருந்தேன், நீ முந்திக்கிட்ட."

இப்போது சன்னலில் நான் மட்டும்தான். பக்கத்தில் பொறாமைப்பட ஆளில்லாத ஒரு பகல் எவ்வளவு நீளம் என்பதை எந்த விதிமுறைக் காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை.