குடும்பக் காலண்டரில் அக்கா போட்ட மூன்று நாள்

போன வருஷம் ஆவணி மாதம், மதுரையில் நடந்தது இது. அப்போது நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, 'வேலை தேடுகிறேன்' என்று சொல்லிக்கொண்டு ஊர் சுற்றிய காலம். ரெஸ்யூமில் நான் சிங்கம். வீட்டில் கேஸ் புக் பண்ணுவதும் சிம்மக்கல்லில் இருக்கிற அப்பாவின் சாக்குக் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோவதும்தான் என் டிபார்ட்மென்ட்.

முதலில் எங்கள் காலண்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுவரில் தொங்குகிற, தேதி கிழிக்கிற காலண்டர் இல்லை, போனில் இருப்பது. ஆரம்பித்தது அக்கா. அவளைக் கட்டிக்கொடுத்தது கீழக்குயில்குடி பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில். மாமனார், மாமியார், அக்கா புருஷனான மச்சான், அவர்கள் குழந்தை பாப்பா எல்லாரும் ஒரே வீடு. அக்கா தினமும் ஸ்கூட்டியில் டவுனுக்கு வந்து ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்துவிட்டுப் போவாள். பாப்பாவுக்கு ஊசி போட வேண்டிய நாளில் மச்சான் வயலுக்கு மருந்தடிக்கப் போய்விடுவார். எங்கள் அம்மா பேத்தியைப் பார்க்க ஆசையாகப் பஸ் ஏறிப் போனால் அங்கே வீடு பூட்டிக் கிடக்கும். இந்த அக்கப்போர் தாங்காமல் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஆன்லைன் காலண்டர் போட்டாள். ஆளுக்கு ஒரு கலர். யார் எதைப் போட்டாலும் எல்லார் போனிலும் 'டிங்'.

முதல் வாரம் செமையாக இருந்தது. அப்புறம்தான் இதன் விலை தெரிந்தது. அப்பா மைக்கை அழுத்திப் பேசியே எல்லாவற்றையும் போட்டுவிடுவார். 'முடி வெட்டணும்' என்று ஒன்று வரும், சாயங்காலம் 'முடி வெட்டியாச்சு' என்று இன்னொன்று. அம்மா பல் டாக்டரிடம் போவதைப் போட்டால், கீழக்குயில்குடியிலிருந்து எந்தப் பல் என்று விசாரணை வரும். நான் ஒருநாள் அசந்து 'ஃப்ரெண்டுடன் படம்' என்று போட்டுத் தொலைத்தேன். கடையிலிருந்து அப்பா போன்.

"எந்த ஃப்ரெண்டுடா? ஆம்பளப் பயலா, பொம்பளப் பிள்ளையா?"

இதெல்லாவற்றையும் மிஞ்சியவர் அக்காவின் மாமனார். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஆரம்பத்தில் "எனக்கெதுக்கு இந்தக் கருமம்" என்றவர், போகப் போக அதற்கு அடிமையாகிவிட்டார். காலையில் டீ டம்ளரோடு வாசலில் உட்கார்ந்து, பேப்பர் படிக்கிற மாதிரி சத்தமாக வாசிப்பார். "சம்பந்தி இன்னிக்குச் சரக்கு எடுக்க விருதுநகர் போறாரு. நம்ம மாப்ள ரெண்டு மணிக்கு ஜிம்மு போறாராம். ஏன்டா, சோத்தத் தின்னுட்டு எவன்டா ரெண்டு மணிக்கு ஜிம்முக்குப் போவான்?" அந்த மாப்ள நான்தான். எங்கள் அந்தரங்கம் அம்புட்டும் கீழக்குயில்குடி வாசலில் ஒலிபரப்பு.

அந்தக் காலண்டரில் ஒருநாள் பெரிதாக ஒரு விசேஷம் ஏறியது. பாப்பாவுக்கு மொட்டை, காது குத்து. அழகர்கோவிலில் கருப்பசாமிக்குக் கிடா வெட்டு, அங்கேயே சமைத்து விருந்து. பாப்பாவுக்குத் தாய்மாமன் நான். என் மடியில் வைத்துத்தான் மொட்டை அடிக்கணும், காது குத்தணும். தாய்மாமன் இல்லாமல் எங்கள் பக்கம் இது நடக்காது. அக்கா கல்யாணத்திலேயே சீர் விஷயத்தில் எங்கள் வீட்டுக்கும் மாமாவுக்கும் ஒரு சின்ன உரசல் இருந்தது. இந்த விசேஷத்தில் நான் சொதப்பினால் பேச்சு வாங்குவது நானில்லை, அந்த வீட்டில் வாழ்கிற அக்கா. அம்மா தினமும் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைப் பட்டு வேட்டி எடுக்கக் கூட்டிப்போனாள்.

வேட்டி எடுத்த மறுநாள் மெயில் வந்தது. நான் மாசக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்த சென்னைக் கம்பெனி. நேர்முகத் தேர்வு, கடைசி ரவுண்டு, நேரில் வரணும். தேதியைப் பார்த்தேன். காது குத்து அன்றைக்கு.

அதைவிடக் கொடுமை, மெயிலில் வந்த அழைப்பு தானாகவே போய்க் குடும்பக் காலண்டரில் உட்கார்ந்துகொண்டது. அவசரமாக அழித்தேன். ஆனால் அக்காவின் போன் டிங் அடித்துவிட்டது போல. உடனே கூப்பிட்டாள்.

"என்னடா அது, வந்துச்சு, போச்சு?"

"ஸ்பேம்க்கா. கண்ட மெயிலும் வருது."

"ஓ. சரி சரி." வைத்துவிட்டாள்.

கம்பெனிக்கு வேறு தேதி கேட்டு எழுதினேன். எல்லாருக்கும் அன்று ஒருநாள்தான் என்று பதில் வந்தது. மாமாவிடம் தேதியை மாற்றக் கேட்கலாமா என்று யோசித்தேன். கிடாவுக்குச் சொல்லியாச்சு, பங்காளிகள் எல்லாரையும் ஒத்துக்கொள்ள வைத்தாச்சு. இந்த நேரத்தில் பெண் வீட்டார் போய் 'எங்கள் பையனுக்கு இன்டர்வியூ' என்று நின்றால் அவ்வளவுதான், அக்கா ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். போகவில்லை என்று முடிவு செய்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஃப்ரெண்டு ஒருத்தனிடம் மட்டும் சொன்னேன். அவன் பங்குக்கு, "வேலை போனா போகுது மாப்ள, கறிச்சோறாச்சும் கெடைக்கும்" என்று ஆறுதல் சொன்னான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் என் போன் டிங் அடித்தது. அக்காவின் கலர். காது குத்து நாளும் அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாளும், மொத்தம் மூன்று கட்டம். ஒரே வார்த்தை: 'தூரம்'.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மாதவிலக்கை எங்கள் பக்கம் 'வீட்டுக்குத் தூரம்' என்பார்கள். அந்த நாட்களில் கோயிலுக்குப் போக மாட்டார்கள். அதுவும் கருப்பு கோயிலுக்கு வாய்ப்பே இல்லை. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அப்பா பார்ப்பார், மாமா பார்ப்பார், மச்சான் பார்ப்பார். இதை எல்லாம் போய்ப் பொதுவில் போடுவாளா இவள்? அப்பா அன்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

மதியத்துக்குள் இன்னொரு டிங். காது குத்து அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளிப்போயிருந்தது.

நான் ஆடாத ஆட்டம் இல்லை. ஃப்ரெண்டைக் கூப்பிட்டு, "மாப்ள, கருப்பசாமியே எனக்காக ரீஷெட்யூல் பண்ணிட்டாருடா!" என்று கத்தினேன். ஃப்ரெண்டைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போனேன். கடைசி ரவுண்டில் என்னை வைத்து வெளுத்துவிட்டார்கள். அடுத்த வாரமே 'வருந்துகிறோம்' என்று மெயில். சாமி பாதி வேலைதான் பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

காது குத்து நாள் வந்தது. அழகர்கோவில் அடிவாரம், மரத்தடியில் சமையல், ஜமுக்காளம் விரித்துச் சொந்தபந்தம். நான் பட்டு வேட்டியில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். மடியில் பாப்பா, மொட்டைத் தலையில் சந்தனம். ஆசாரி கம்பியை எடுத்ததுமே அவள் விஷயத்தைப் புரிந்துகொண்டு என் கையைக் கடித்தாள். குத்தி முடிக்கும் வரை விடவே இல்லை. மாமா சுற்றி நின்றவர்களிடம், "தாய்மாமன்னா சும்மாவா, கடி வாங்கணும்ல" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டம் பந்திக்குப் போன பிறகு, கையைக் கழுவிக்கொண்டு நின்றேன். அக்காவின் மாமியார் பக்கத்தில் வந்தார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாதவர்.

"என்ன மருமகனே, மெட்ராஸ் போன காரியம் பழமா, காயா?"

தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"உங்க அக்கா சொன்னா."

"அக்காவுக்கே நான் சொல்லலையே!"

"நீங்க சொல்லல. காலண்டரு சொல்லிருச்சு." குரலை இறக்கினார். "ஒங்களுக்கு இன்னுமா வெளங்கல? படிச்ச பிள்ளைதான நீங்க?"

அப்போதுதான் முழுக் கதையும் வந்தது. நான் ஸ்பேம் என்று சொன்னதை அக்கா ஒரு நொடிகூட நம்பவில்லை. தேதி மாறணும், ஆனால் பெண் வீட்டார் கேட்டு மாறியதாக இருக்கக் கூடாது. மாமாவிடம் எந்தக் காரணம் சொன்னாலும் அவர் பத்துக் கேள்வி கேட்பார். ஒரே ஒரு காரணத்துக்குத்தான் எங்கள் ஊரில் எந்த ஆம்பளையும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டான். அதை அவள் எடுத்தாள். மாமனாரிடம் வாயால் சொல்ல முடியாது. மாமியாரிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. அதனால் காலண்டரில் போட்டுவிட்டு, குனிந்த தலை நிமிராமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாளாம்.

அத்தை சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒங்க மாமா எப்பவும் போல டீயக் குடிச்சிக்கிட்டுச் சத்தமா வாசிக்கிறாரு. சம்பந்தி கடைக்குப் போறாரு, அவரு இங்க போறாரு, இவரு அங்க போறாருன்னு வந்தவரு பொசுக்குனு நின்னுட்டாரு. டீ பொரையேறிருச்சு. போனை எங்கிட்ட நீட்டி, 'இத நீயே பாத்துக்க'ன்னுட்டு மாட்டுக் கொட்டம் பக்கம் போனவருதான்."

"நீங்க நம்பிட்டீங்களா அத்தை?"

"நானா? ஒரே வீட்ல இருக்கோம். முந்தின வாரந்தான் அவளுக்குப் பதிலா நான் வெளக்கு ஏத்துனேன். இம்புட்டுச் சீக்கிரத்துல மறுபடி எங்கிட்டு வரும்? அடுப்படிக்குப் போயி, 'என்னத்தா, யாருக்காக இந்த நாடகம்?'னு கேட்டேன். பொலபொலன்னு அழுதுட்டா. தம்பிக்கு இன்டர்வியூ அத்தை, அவன் வாயத் தொறந்து சொல்ல மாட்டான்னா."

அத்தை நேரே மாட்டுக் கொட்டத்துக்குப் போய், "ஆத்தாக்காரி இல்லாம புள்ளைக்குக் காது குத்தப் போறீகளா? தேதிய மாத்துங்க" என்றிருக்கிறார். மாமா தலையைக்கூட நிமிர்த்தாமல் சரி என்றிருக்கிறார். நாடகம் அதோடு முடியவில்லை. நான் சென்னையில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், அக்கா அந்த வீட்டில் ஒன்றுமில்லாமலே ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். தனித்தட்டு, தனிப்பாய், சாமி ரூம் பக்கம் போகவில்லை, அடுப்படிப் பக்கம் போகவில்லை.

"நான் சோத்தப் போட்டுக் கொண்டுபோயி ரூமு வாசல்ல வச்சுட்டு, தள்ளி நின்னு மூஞ்சிய உர்ருனு வச்சுக்கிருவேன். அவ தட்ட எடுக்கயில எம் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சிருவா. எனக்கும் அடக்க முடியாது. ஒங்க மாமா அங்கிட்டிருந்து, 'அங்கென்ன சிரிப்பு?'ம்பாரு. போதாக்கொறைக்கு நெசத் தேதி எப்ப வரும்னும் பாத்துத்தான் இந்தப் புதுத் தேதியக் குறிச்சேன்."

"சாமி விஷயத்துல பொய் சொல்லிட்டோமே அத்தை, கருப்பு கோச்சுக்காதா?" எனக்கு உண்மையிலேயே பயமாகத்தான் இருந்தது.

"சாமிகிட்ட நான் பேசிக்கிட்டேன். அதுக்குப் புரியும். ஒங்க மாமாவுக்குத்தான் புரியாது. நீங்க உளறிராதீக." சொல்லிவிட்டு, ரசவாளியை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். சினிமாவுக்குப் போவது வெளியே தெரிகிறதே என்று குதித்தவன் நான். தன் உடம்பு சம்பந்தப்பட்ட ஒன்றை, மாமனார் வாசலில் உட்கார்ந்து வாசிப்பார் என்று தெரிந்தே அவள் போட்டிருக்கிறாள். அதுவும் நடக்காத ஒன்றை. இரண்டு வீட்டு ஆண்களும் அவள் முகத்தைப் பார்க்காமல் தப்பித்துத் திரிந்தபோது, அவள் அத்தையைத் தவிர யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம்கூட.

மரத்தடியில் அக்கா பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏதோ பெரிதாகச் சொல்ல நினைத்தேன். இதுதான் வந்தது.

"அக்கா... அத்தை சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க? ஒண்ணும் சொல்லல. சட்டையில சந்தனம் அப்பியிருக்கு பாரு, தொடைடா லூசு."

"வேலை வேற கெடைக்கல. நீ இம்புட்டும் பண்ணி..."

"அவிங்களுக்குக் குடுத்து வைக்கல." பாப்பாவின் காதை ஊதிவிட்டாள். "அடுத்த இன்டர்வியூ எப்ப?"

"தெரியல."

"தெரிஞ்சா காலண்டர்ல போடு. அழிச்சுகிழிச்ச, பிச்சுருவேன்."

அதன் பிறகு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் நாள் வேலைக்குப் போனதை நானே காலண்டரில் போட்டேன். மாமா அதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்தாராம். காலண்டர் இன்னும் ஓடுகிறது. அப்பா இன்னும் முடிவெட்டு நிலவரம் சொல்கிறார். எல்லாருக்கும் எல்லாம் தெரிகிறதே என்று நான் இப்போது புலம்புவதில்லை.

வேலையில் எரிச்சலான நாட்களில், போனில் பின்னால் தள்ளித் தள்ளி அந்த ஆவணிக்குப் போவேன். அக்கா அந்த மூன்று கட்டத்தை இன்னும் அழிக்கவில்லை. வீட்டு ஆண்கள் எல்லாரும் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்ட அந்த இடத்தை நான் மட்டும் தேடிப்போய்ப் பார்க்கிறேன், ஏனென்றால் எனக்காக ஒருத்தி எதுவரைக்கும் போவாள் என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது.