எங்களை எடுத்துவிட்டார்கள்

வெள்ளிக்கிழமை காலை இடைவேளைக்கு முன்பே எல்லா இயந்திரங்களையும் நிறுத்தச் சொன்னார்கள். தீயணைப்புப் பயிற்சியாக இருக்கும் என்று நினைத்தேன். கையிலிருந்த உருக்குத் துண்டைத் துடைத்து வைத்துவிட்டுக் கன்டீனுக்குப் போனால், இயக்குநர் ஏற்கெனவே அங்கே நின்றார். பக்கத்தில் வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒருவர், நான் முன்பு பார்த்ததில்லை. மேசைகளில் கூடை கூடையாகக் குவாசான் பணிஸ். எங்கள் தொழிற்சாலையில் காரணமில்லாமல் யாரும் குவாசான் வாங்கித் தருவதில்லை. முதல் சந்தேகம் எனக்கு அந்தக் கூடைகளைப் பார்த்துத்தான் வந்தது.

நிறுவனத்தை ஒரு வெளிநாட்டுக் குழுமம் வாங்கிவிட்டது என்றார் இயக்குநர். பெயர் மாறாது. விற்பனையும் பழுதுபார்ப்பும் சுவிஸிலேயே இருக்கும். உற்பத்தி மட்டும் கோடை விடுமுறையோடு புதிய உரிமையாளரின் நாட்டுக்குப் போகும். அந்த ‘மட்டும்’ வரும்போது தண்ணீர் எடுத்துக் குடித்தார். கேட்டுக்கொண்டு நின்ற எங்களில் முக்கால்வாசிப் பேர் செய்தது உற்பத்தி மட்டும்தான்.

நாங்கள் செய்வது வேட்டைத் துப்பாக்கி. விலை கூடிய, வாங்குபவர் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்குகிற வகை. நான் அங்கே நான்காம் வருடப் பயிலுநர். பொலிமெக்கானிக் படிப்பு, இயந்திரப் பாகங்கள் செய்கிற தொழில். கோடையில் முடிகிறது. முடிந்ததும் அங்கேயே வேலை, அதோடு பகுதி நேரமாகப் பொறியியல் என்று திட்டம் போட்டு, அந்தத் திட்டத்தைக் கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தேன்.

கன்டீனுக்கு வெளியே வந்து அப்பாவுக்குப் போன் எடுத்தேன். அவர் லாங்கன்தாலில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறார்.

“அப்பா, எங்களை ஊபர்னோ பண்ணீட்டாங்கள்.”

பின்னால் பாத்திரம் கழுவும் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. “என்ன? எடுத்திட்டாங்களோ?”

“ஓம், எடுத்திட்டாங்கள். இப்பதான் சொன்னவை.”

“சரி பிள்ளை. சரி, சரி. நான் பிறகு கதைக்கிறன்.”

குரல் தழுதழுத்தது. பாவம், மனுசன் அதிர்ந்துபோனார் என்று நினைத்தேன்.

இங்கத்தைய ஜெர்மனில் ஒரு நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் விழுங்கினாலும் ஊபர்னோதான். படிப்பு முடிந்த பயிலுநரை நிரந்தரமாக வைத்துக்கொண்டாலும் ஊபர்னோதான். வகுப்பில் நாங்கள் ஒருவரையொருவர் அந்தச் சொல்லை வைத்துத்தான் விசாரித்துக்கொண்டிருந்தோம். அப்பாவும் என்னிடம் கிழமைக்கு ஒருதரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். தமிழிலாவது சரியாகச் சொல்லித் தொலைத்தேனா என்றால், ‘எடுத்திட்டாங்கள்’ என்பதும் இரண்டு பக்கமும் ஓடுகிற சொல். இது எதுவும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. உள்ளே போய்க் குவாசான் சாப்பிட்டேன்.

அப்பா இந்த வேலைக்குச் சம்மதித்த விதத்தைச் சொல்லவேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒவ்வொரு இடமாகப் போய்ச் சில நாள் வேலை செய்து பார்ப்போம். நான் ஒரு வங்கிக்கும் ஒரு மருந்துக் கடைக்கும் போய்க் கொட்டாவி விட்டுவிட்டு, மூன்றாவதாக இந்தத் தொழிற்சாலைக்குப் போனேன். உருக்குத் துண்டு ஒன்றைத் தலைமயிரைவிட நுட்பமாகச் சீவலாம் என்று அங்கே கண்ணால் கண்டேன். அதற்குப் பிறகு வேறு எந்த இடத்துக்கும் விண்ணப்பம் எழுதவே கை வரவில்லை.

எங்கள் வீட்டில் துப்பாக்கியைக் குறிக்கிற துவக்கு என்ற சொல் புழங்காது. அப்பா ‘சாமான்’ என்பார், சண்டை நடந்த அவர்கள் காலத்தில் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்களாம். கடையில் வாங்கும் அரிசி பருப்பும் சாமான்தானே. அதனால் அவருடைய கதைகளில் பெடியன்கள் சாமான் தூக்கிக்கொண்டு ஒழுங்கைகளால் ஓடும்போதெல்லாம், சின்ன வயதில் நான் வெங்காயப் பைகளைத்தான் கற்பனை செய்தேன். அவருடைய தம்பியின் கதையும் அப்படி ஒரு ஒழுங்கையில்தான் தொடங்கும். அதை அவர் ஒருநாளும் முடித்ததில்லை.

“ஆமிக்குச் செய்யிறவங்களோ?” என்றுதான், நான் அங்கே சேரவேண்டும் என்று சொன்ன அன்றைக்குக் கேட்டார்.

“இல்லையப்பா. வேட்டைக்கு. மான், பண்டி.”

“எந்த ஆமிக்கும் இல்லையோ?”

“எந்த ஆமிக்கும் இல்லை.”

“வடிவாய்க் கேட்டுப்போட்டுச் சொல்லு.”

கேட்டேன். எனக்குப் பின்னாளில் பயிற்சி தந்த மாஸ்டர் சிரித்தார். “எங்கடை துவக்கை ஒரு சிப்பாயிட்டைக் குடுத்தால், மழைக்கு வெளியிலை எடுக்கமாட்டான்” என்ற மாதிரி பேர்ண் ஜெர்மனில் ஏதோ சொன்னார். அதை அப்படியே வீட்டில் சொன்னேன். அப்பா வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “அப்ப சரி” என்றார். என் வேலை வீட்டுக்குள் நின்றது அந்த ஒரு பதிலின் மேல்தான். வெளியில் யாரும் கேட்டால், “மகள் மெக்கானிக் படிக்கிறாள்” என்று மட்டும் சொல்லுவார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக் கதவைத் திறந்தால் ரோல்ஸ் பொரித்த மணம். மாடிவீட்டு மாமா, மாமி. அப்பாவோடு வேலை செய்கிற ஒரு குடும்பம். மேசையில் கேக். அப்பா அயர்ன் பண்ணிய சேர்ட்டில்.

“வா பிள்ளை, வா. உன்னைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம்” என்றவர், மாமா பக்கம் திரும்பி, “துவக்குச் செய்யிற கொம்பனி. உலகத்திலேயே திறம் வேட்டைத் துவக்கு. அவங்கள் இவளை நிரந்தரமாய் எடுத்திட்டாங்கள்” என்றார்.

துவக்கு. அவருடைய வாயால், ஆட்களுக்கு முன்னால், இரண்டு தரம். காலையில் நான் சொன்னதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றேன்.

“நாங்கள் துவக்குக்குப் பயந்து ஓடிவந்தம். நீ பெத்தது இஞ்சை இருந்து துவக்குச் செய்து அனுப்புது” என்றார் மாமா.

“இது வேறை. ஆமிக்குக் குடுக்கமாட்டினம். அப்பிடிச் சட்டமே வைச்சிருக்கினம்” என்றார் அப்பா. அப்படி ஒரு சட்டத்தை யாரும் வைத்திருக்கவில்லை.

மாமி கேக்கை வெட்டி என் கையில் தந்தா. “மான் சுட்டால் எங்களுக்கும் ஒரு கால் வருமோ?”

“நான் சுடுறேல்லை மாமி. செய்யிறது மட்டும்தான்.”

“அப்ப என்ன பிரியோசனம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போனா. நான் கேக்கைச் சாப்பிட்டேன். அந்த நாளில் யார் எதைத் தந்தாலும் சாப்பிட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை கட்டடத்தின் பொது உடுப்புத் தோய்க்கும் அறையில் எங்கள் முறை. கூடையைத் தூக்கிக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் நிலவறைக்கு இறங்கினேன். அவர் தன் சமையலறை வெள்ளைகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

“அப்பா, நேற்று நான் சொன்னது அது இல்லை. கொம்பனியை வித்திட்டாங்கள். அதைத்தான் சொன்னனான்.”

அவர் மெஷின் கதவைச் சாத்தினார். திரும்பத் திறந்தார். “அப்ப உன்னை எடுக்கேல்லையோ?”

“மெஷினெல்லாத்தையும் வேறை நாட்டுக்குக் கொண்டு போகினம். என்னையும் வரச்சொல்லிக் கேட்டவை.”

அதுவும் உண்மைதான். குவாசானுக்குப் பிறகு, புதிய உரிமையாளர் அனுப்பிய அந்த வெள்ளைச் சப்பாத்துக்காரர் நேரே என் இயந்திரத்துக்கு வந்தார். அதில் நான் செய்த கவ்வி ஒன்று பூட்டியிருந்தது. குழலும் மரப்பிடியும் வந்து சேருகிற நடு உருக்குத் துண்டுதான் துப்பாக்கியின் உடம்பு. முன்பெல்லாம் ஒவ்வொரு பக்கமாகச் செதுக்க, அதைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பூட்டவேண்டும். என் கவ்வி ஒருதரம் பிடித்தால் ஐந்து பக்கமும் முடியும்வரை விடாது. இறுதி வருட வேலைக்காக ரயிலிலும் வகுப்பிலும் கீறிக் கீறித் திருத்தியது. நான் இதுவரை செய்ததில் ஆகச் சிறந்த பொருள் அது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டார். எங்களோடு வா என்றார். சுற்றி நின்றவர்கள் வீட்டுக் கடனை நினைத்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. துள்ளவில்லை என்று எழுத முடியாது.

அப்பாவிடம் கவ்வியையும் சேர்த்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே சவர்க்காரத் தூளை அளந்து போட்டார்.

“அங்கை ஆருக்குச் செய்யினம்?”

நான் கேட்டிருக்கவில்லை. நாடு எது, சம்பளம் என்ன, அங்கே என்ன இயந்திரம் என்று எல்லாம் கேட்டிருந்தேன். அதை மட்டும் கேட்கவில்லை.

“வடிவாய்க் கேட்டுப்போட்டுச் சொல்லு” என்றார்.

ஞாயிறு முழுக்கப் புதிய உரிமையாளரின் தொழிற்சாலையின் படங்களைப் போனில் பார்த்தேன். நீள மண்டபம், புத்தம் புது இயந்திரங்கள், என் வயதுக்காரர்கள். இணையத்தில் தேடினால் பதிலும் அங்கேயே கிடைத்திருக்கும். நான் இயந்திரங்களின் படங்களைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை அந்த வெள்ளைச் சப்பாத்துக்காரர் என்னோடு கதைக்க நேரம் ஒதுக்கினார். மாஸ்டரும் பக்கத்தில் இருந்தார். உங்கள் துப்பாக்கிகளை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன்.

“வேட்டைக்காரர், குறிபாத்துச் சுடுற விளையாட்டுக்காரர். அதோடை அரசாங்கங்கள்” என்றார், ஒளிக்காமல்.

“அரசாங்கம் எண்டால் ராணுவமோ?”

“ராணுவம், போலீஸ். அனுமதி கிடைக்கிற நாடுகள்.”

“வேறை வேறை மண்டபமோ?”

“ஒரே மண்டபம். ஓடர் வாறதைப் பொறுத்து மெஷினை மாத்துவம்.” அவர் உற்சாகமாக முன்னால் சாய்ந்தார். “உன்ரை கவ்வியை ராணுவ ஓடருக்குத்தான் முதல் பாவிக்கப்போறம். அந்த லைனிலைதான் எங்களுக்கு நேரம் வீணாப் போகுது. அளவை மட்டும் கொஞ்சம் மாத்தினால் காணும். நீ வந்தால் நீயே மாத்தலாம்.”

அவரில் பிழை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னார். என் வேலையை இவ்வளவு கவனமாக யாரும் பாராட்டியதும் இல்லை. மாஸ்டர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் வரச்சொல்லிக் கேட்கவில்லை.

அடுத்த நாள் போய், நான் வரவில்லை என்றேன். “கவலைதான். பரவாயில்லை, கவ்வி வருகுதுதானே” என்றார்.

அன்று பின்னேரம் அப்பா கட்டடத்துக்கு முன்னால் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். ஆமிக்கும் செய்கிறார்கள், கவ்வி அதற்குத்தான் போகிறது, நான் போகவில்லை. எந்தெந்த ஆமி என்று அவர் கேட்கவில்லை.

“எனக்காகவோ போகேல்லை எண்டனி?”

“தெரியாதப்பா.”

உண்மையில் தெரியவில்லை. அவருக்காக என்றால் அது அவர் தலையில் ஏறும். எனக்காக என்றால், ஞாயிறு முழுக்க அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தது யார்?

அவர் பம்பைக் கீழே வைத்தார். “அந்தக் கவ்வியைக் கழட்டிக்கொண்டு வரேலாதோ?”

“அது கொம்பனியின்ரை சொத்து.”

“நீதானே செய்தனி?”

“நான்தான்.”

அவர் மறு சில்லுக்குக் காற்று அடிக்கத் தொடங்கினார்.

கேக் சாப்பிட்டவர்களுக்கு என்ன சொல்வது என்று நான் நாட்கணக்காக யோசித்தேன். அப்பா யோசிக்கவில்லை. அந்த வார முடிவில் தமிழ்க் கடையில் மாமாவைக் கண்டோம். “கொம்பனியை மூடப்போறாங்களாமே, இவளை எடுத்தாச்சு எண்டாய்?” என்று மாமா கேட்டார்.

“எடுத்தவங்கள். இவள்தான் போகேல்லை” என்றார் அப்பா.

தலையை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார். நான் முருங்கைக்காய் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன். அவருக்குக் கவ்வியைப் பற்றி எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் அப்படிச் சொன்னார்.

ஜூலையில் இயந்திரங்களைக் கழற்றினார்கள். தரையில் அவை நின்ற இடங்கள் மட்டும் வெளிர் நிறமாக இருந்தன. என் பரீட்சை நன்றாக வந்திருந்தது. வேலைதான் எங்கும் இன்னும் சரிவரவில்லை. கடைசி வாரம் மாஸ்டர் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“கவ்வியை நீயே கட்டு. எங்கை கீறுப்படும் எண்டு உனக்குத்தான் தெரியும்.”

எண்ணெய் பூசாத உருக்கு வழியிலேயே துருப்பிடிக்கும். கவ்வித் தாடைகளின் உள்முகத்தைப் பூசாமல் விட்டாலே போதும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மாஸ்டர் பார்த்தார். அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

பிறகு நான் எண்ணெயைத் தொட்டு உள்முகம், மூலை, திருகாணித் துளை என்று எல்லா இடமும் பூசினேன். மெழுகுத்தாளில் சுற்றினேன். ஆடாமல் இருக்க நான்கு பக்கமும் நுரைத் துண்டு வைத்து அடைத்தேன். அதைவிட நன்றாக அதை யாரும் கட்டியிருக்க முடியாது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கை கழுவிவிட்டு எதிரே இருந்தேன்.

“சாமான் போயிட்டுதோ?” என்றார்.

“இண்டைக்கு ஏத்தினவை.”

“ஒழுங்காய்க் கட்டினியோ?”

“ஓம்” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, கறிச் சட்டியை என் பக்கம் நகர்த்தினார்.