கழலாத ஆணி

பாரிஸ் லாசப்பலில் இன்றைக்கு மூலைக்கு மூலை தமிழ்க்கடை. நான் வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு தராசும் இரண்டு தோளும். புழுங்கலரிசி மூட்டையை மெத்ரோ ரயிலடிப் படிகளில் சுமந்து ஏற்றினேன். பிரெஞ்சு எழுதத் தெரியாமல் பிரெஞ்சுக்காரனிடம் கடை எடுத்தேன். கடைக்குப் பின்னால் இருக்கும் குளிர் அறையைப் பாகம் பாகமாக நானே பூட்டினேன், இன்றும் ஓடுகிறது. படித்தது ஐந்தாம் வகுப்பு. கூசேன்வில்லில் வீடு, பிள்ளைகளுக்குப் பட்டம், எல்லாம் இந்தக் கையால் வந்தவை. இதையெல்லாம் சனம் சொல்லும். ஆனால் நான் முதன்முதலாகச் செய்த வேலையை மட்டும் இன்றுவரை பிழையாகவே சொல்கிறார்கள். அது ஓர் இரும்பு ஆணி.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். இலங்கையில், வன்னியில் இருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, உழவு இயந்திரம் வைத்திருந்தார். வயல் வேலை இல்லாத நாட்களில் அதன் பின்னால் இழுவைப் பெட்டியைக் கொழுவிக் கலியாண வீடுகளுக்குக் கதிரையும் பாத்திரமும் ஏற்றுவார். ஒருமுறை கலியாண வீட்டார் வெளிச்சத்துக்கு ஜெனரேற்றரும் கேட்டார்கள். அது தனிச் சில்லுகளில் உருளும் பாரமான சாமான். இரண்டு தரம் போய்வர மாமாவுக்குப் பஞ்சி. பெட்டிக்குப் பின்னால் அதையும் கொழுவுவோம் என்றார்.

அம்மா வாசலில் நின்று பார்த்தா. "என்னடா தம்பி, ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. ரயிலே விடப்போறாய்?"

"ஓமக்கா. நீ நிண்டு கொடி காட்டு."

கொழுக்கி இருந்தது, ஊடே போட ஆணி இல்லை. மாமா கயிறு தேடினார். நான் ஓடிப்போய் உடைந்த கிணற்றுக் கப்பியின் அச்சை எடுத்துவந்தேன். அளந்து செய்ததுபோல இறங்கியது. துள்ளி வெளியே வராதபடி மேலும் கீழும் கம்பி சுற்றினேன். மாமா காலால் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"மருமோன், நீ எஞ்சினியர்தான்ரா!"

அதற்குப் பிறகு என்னை எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள். அது போல ஒன்றும் இனித்ததில்லை. என் ஆணிக்குக் காவலாக, பெட்டியின் மேல் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

குளக்கட்டில் ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. இழுக்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் வரும். கட்டிலிருந்து வயலுக்கு இறங்கும்போது ஜெனரேற்றர் நாய் வாலைப்போல இரண்டு பக்கமும் ஆடியது. எனக்குச் சிரிப்பு வந்தது. முன்னால் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே ஓடியிருக்கிறது. மாமா பிரேக்கை அழுத்தினார். இயந்திரம் நின்றது. பின்னால் வந்தது நிற்கவில்லை. அதற்கு ஏது பிரேக்? அது பெட்டியைத் தள்ள, பெட்டி குறுக்காகத் திரும்பி இயந்திரத்தைக் கட்டிலிருந்து கீழே தள்ளியது.

நான் சேற்றில் போய் விழுந்தேன். ஒரு கீறலும் இல்லை. எழும்பி முதலில் பார்த்தது ஆணியைத்தான். எல்லாம் கவிழ்ந்து கிடக்க, அது மட்டும் நான் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. மாமா சில்லுக்குக் கீழே கிடந்தார். ஓடினேன்.

"மாமா, ஆணி கழரேல்லை! என்ர ஆணி கழரேல்லை!"

என்னைப் பார்த்தார். மெல்லச் சொன்னார். "கழண்டிருக்கலாமடா."

பிறகு அவர் பேசவில்லை.

எனக்கு மாமாமேல் பொல்லாத கோபம். செத்த வீட்டில், "பின்னால போட்ட ஆணி கழண்டுதானாம் வண்டி பிரண்டது" என்று பந்தலுக்குள் கதைத்தார்கள். நான் எழும்பி, "இல்லை, அது கழரேல்லை!" என்று கத்தினேன். அம்மா வந்து என் வாயைப் பொத்தினா. அவவின் கை ஈரமாக இருந்தது. மாமாவும் மெச்சவில்லை, அம்மாவும் சொல்ல விடுகிறா இல்லை என்று அன்றைக்கு நான் சாப்பிடாமல் படுத்தேன். மாமாவுக்காக அழவேயில்லை.

போன கோடையில் மகன் கரவான் ஒன்றைக் காருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றான். படுக்கவும் சமைக்கவும் வசதியான வீட்டு வண்டி. கடலுக்குப் போகிறார்களாம். அந்தக் கரவானுக்கும் பின்னால் ஸ்கூட்டர் ஏற்றிய சின்னப் பெட்டி ஒன்று. பேரப்பிள்ளைகள் காருக்குள் இருந்து கையாட்டினார்கள்.

என் கடைப் பொடியன் சிரித்தான். "அண்ணை, உங்கட மகன் இஞ்சை புது மெத்ரோ விடுறார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போய்க் குனிந்து கடைசிப் பெட்டியின் ஆணியை இழுத்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

"அப்பா, அமெரிக்காவில எல்லாரும் இப்பிடித்தான் இழுக்கினம். வீடியோ இருக்கு, பாருங்கோ."

"அமெரிக்காவில போய் இழு. என்ர பிள்ளையளை வைச்சு இழுக்காதை."

பிரெஞ்சில் என்னவோ முணுமுணுத்தான். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கடைசியில் மகன் போனை எடுத்துப் பார்த்தான். இந்த நாட்டில் காருக்குப் பின்னால் ஒன்றுதான் இழுக்கலாமாம். இரண்டு என்றால் பொலிஸ் பிடிக்கும், ஏதாவது நடந்தால் அசுரான்ஸ் காப்புறுதியும் கைவிரிக்கும் என்றான். பெட்டியைக் கடைக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் வெயிலில் கறுத்துச் சுகமாகத் திரும்பி வந்தார்கள்.

இப்போது மகன் எல்லாரிடமும் சொல்கிறான், சட்டம் விடவில்லை, அதனால் விட்டோம் என்று. சட்டம் போனில் வந்தது பிறகு. அதற்கு முதலே ஆணி என் பையில் இருந்தது.

அந்தப் பந்தலில் கதைத்தவர்களின் பிள்ளைகள் சிலர் இங்கே பக்கத்தில் எபினேயில் இருக்கிறார்கள். அவர்களும் இனித் திருத்திச் சொல்லட்டும். என் ஆணி கழலவில்லை. கழன்றிருந்தால் ஜெனரேற்றர் மட்டும் வயலுக்குள் போயிருக்கும், மாமா வீட்டுக்கு வந்திருப்பார். பத்து வயதில் எனக்கு அது விளங்கவில்லை. மாமா என் வேலையைக் குறை சொல்கிறார் என்றே நினைத்தேன்.

பூட்டியவன் நான். கழற்றியவனும் நான்தான். இரண்டையும் என் பெயரிலேயே சொல்லுங்கள்.