குளியலறை ஓரத்துத் திருநீற்றுப்பச்சை

தாம்பரம் மார்க்கெட்டில் பூக்காரம்மா கட்டிக்கொண்டிருந்த மாலையிலிருந்து திருநீற்றுப்பச்சை வாசனை வந்தது. இத்தனை வயதுக்கு மேலும் எனக்கு முதலில் ஸ்டெல்லா மேல்தான் எரிச்சல் வந்தது.

செம்பாக்கம் ஏரிப் பக்கம், இப்போது அடுக்குமாடிக்காரர்களின் கார்கள் நிற்கும் இடத்தில், சிமெண்ட் ஷீட் போட்ட சின்னக் கிறிஸ்தவக் கோயில் இருந்தது. மழை பிடித்தால் சாமியார் சொல்வது ஒன்றும் கேட்காது, மணிக்குப் பதில் தொங்கிய தண்டவாளத் துண்டு மட்டும் கேட்கும். செப்டம்பரில் திருச்சிலுவைத் திருவிழா அன்று, பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஜிகினா ஒட்டிய கிரீடத்தோடு ஹெலனா ராணியாக நடந்துபோய், சிலுவையின் காலடியில் திருநீற்றுப்பச்சைக் கொத்தை வைப்பாள். செடி எங்களுடையது. எங்கள் குளியலறை ஓரத்தில் நான் தண்ணீர் ஊற்றி வளர்த்தது.

"சிலுவை எங்க பொதஞ்சிருக்குன்னே தெரியலடி. ரோம் ராஜாவோட அம்மா ஹெலனாதான் இந்தச் செடி வாசனைய வெச்சுத்தான் எருசலேம்ல தோண்டி எடுத்தாங்க," என்று ஸ்டெல்லா மணக்கும் கையை என் மூக்கருகே நீட்டினாள்.

அப்படியானால் எங்கள் செடிக்கு அடியிலும் ஒரு சிலுவை இருக்கவேண்டும். எடுத்தால் நான்தானே ராணி? அன்று சாயங்காலமே கொட்டாங்குச்சியால் தோண்டினேன். வேர் வந்தது, உடைந்த ஓடு வந்தது, பின்னாலேயே அம்மா வந்தாள். "நல்லா இருந்த செடியை ஏண்டி இப்படிப் பண்ணின?"

செடி பட்டுப்போனது. அடுத்த வருடம் ஸ்டெல்லா மரிக்கொழுந்து ஏந்திப் போனாள். அது அவளுக்கு இன்னும் அழகாக இருந்தது.