ஒவ்வொரு நாளும் சேவ் எடுத்தவன்

என் தம்பி கிருஷாந்துக்கு வாய்த்தது சொல்வழி கேளாத தோல். காலையில் சேவ் எடுத்தால் மத்தியானத்துக்குள் கழுத்து முழுக்கச் சிவந்து பொரிப்பொரியாக எழும்பிவிடும். சுருள் மயிர் வேறு. வெட்டிய நுனி திரும்பித் தோலுக்குள்ளேயே வளரும். போதாக்குறைக்கு வேலை துறைமுகத்தில், வந்து நிற்கிற கப்பலுக்குக் கயிறு பிடித்துக் கட்டுகிற வேலை. நாள் முழுக்க ஹெல்மெட்டின் வார் நாடியில் உரசும், அதற்குமேல் வியர்வை. ஆனாலும் ஆள் விடமாட்டான். முகம் மொழுமொழுவென்று இருக்க வேண்டும். எரியுது எரியுது என்று வந்து என் வளவுக் குழாயில் முகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பாலையூற்றில் அவன் வீட்டுக்குப் பக்கத்து வளவு என்னுடையது. அவனை ஏசுவதற்கென்றே கடவுள் என்னை அங்கே வைத்திருக்கிறார்.

அந்தத் தோல் ஒரேயொரு முறைதான் ஆறியது. கலியாணமாகிப் பல வருடம் கழித்து அவன் பெண்சாதி நிலுஷாவின் வயிற்றில் பிள்ளை உண்டானபோது. பெண்சாதியின் வயிற்றில் பிள்ளை இருந்தால் புருசன் சேவ் எடுப்பதில்லை, முடி வெட்டுவதில்லை என்று எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். இப்போது பலர் கைவிட்டார்கள். இவன் விடவில்லை. தாடி நெஞ்சைத் தொடப் பார்த்தது. தெருவில் எவன் கண்டாலும், "எத்தினை மாசம்?" என்று கேட்பான். இவனும் பல்லைக் காட்டிக்கொண்டு பதில் சொல்வான்.

ஏழாம் மாதம் பிள்ளையின் துடிப்பு நின்றுவிட்டது. பெண் பிள்ளை. அவன்தான் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தான். வந்த அடுத்த நாள் சலூனுக்குப் போய்த் தாடியை எடுத்தான். அந்த முகத்தோடு வாசலில் நின்றபோது நிலுஷா முகத்தைத் திருப்பினாள். எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

கழுத்து திரும்பவும் எரியத் தொடங்கியது. தோல் வருத்தம் வந்தால் எல்லாரும் செய்கிற வேலை, சேவ் எடுப்பதை நிறுத்திச் சில நாள் ஆறவிடுவது. அவனும் அப்படித்தான் விட்டான். தாடி அரும்பியதும் துறைமுக வாசல் தேத்தண்ணிக் கடையில் ஒருவன் முதுகில் தட்டினானாம்.

"என்ன மச்சான், அடுத்தது வந்திட்டுது போல?"

கிருஷாந்த் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டான். நேரே என்னிடம்தான் வந்தான்.

"அக்கா, என்னட்டக் கேட்டது பரவாயில்லை. நாளைக்கு நிலுஷாட்டக் கேப்பினம். அவ தாங்கமாட்டா."

"கேக்கிறவன்ர வாயில போடு ஒண்டு" என்றேன்.

"எத்தினை பேருக்குப் போடுறது? நான் ஒவ்வொரு நாளும் சேவ் எடுக்கப் போறன். ஏன் எண்டு நீங்கள் அவவுக்குச் சொல்லக்கூடாது. சொன்னா அதையும் நினைச்சு அழுவா."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இதுதான் நடந்தது. தாடி ஒரு நாள் வளர்ந்தாலும் அந்தக் கேள்வி அவளைத் தேடி வரும் என்ற பயத்தில், சேவே ஒத்துக்கொள்ளாத ஒருவன் தினமும் சேவ் எடுக்கத் தொடங்கினான். மூன்று பிளேட் வைத்த பிளாஸ்டிக் ரேசர் அவன் கழுத்தை ஒரு கிழமையில் புண்ணாக்கிவிட்டது. மயிரை இழுத்துத் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுகிறதாம். மடக்குச் சவரக்கத்திக்கு ஒரே அலகு, மேலோடு மட்டும் எடுக்கும் என்று போனில் பார்த்து, கொழும்பிலிருந்து ஒன்று எடுப்பித்தான்.

வீட்டில் நிலுஷா பார்க்க எடுக்க மனம் இல்லாமல் என் வளவு மாமரத்தில் கண்ணாடியைக் கொழுவினான். நான் கண்ட கூத்து அது. பிளாஸ்டிக் ரேசரைப் பிடித்த பழக்கத்தில் கத்தியை அழுத்தினான், தோல் சீவிக்கொண்டு வந்தது. கத்தியை நிமிர்த்திப் பிடித்தான், சுரண்டியது. சலூனில் செய்வது போலப் படிகாரத்தைத் தேய்த்து அதற்கு மேல் கொலோனும் பூசினான், துள்ளினான். போக்கத்தவனே, புண்ணில் ஸ்பிரிட் ஊற்றினால் துள்ளாமல் என்ன செய்வாய்!

ஆனால் விடாமல் படித்தான். சுடுதண்ணித் துவாயை முகத்தில் போட்டு மயிர் இளகும்வரை இருப்பான். என் கிணற்றுத் தண்ணியில் நுரை நிற்காது என்று கண்டு குழாய்த் தண்ணி பிடித்தான். விரலால் தடவித் தடவி எந்த மயிர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பார்த்தான். கன்னத்தில் கீழ்நோக்கி, கழுத்தில் குறுக்காக. படுத்த பக்கமே கத்தி போக வேண்டும். தோலை மற்றக் கையால் இழுத்துப் பிடித்து, கத்தியைச் சரித்து, அதன் பாரத்திலேயே விட வேண்டும். நுரை போன இடத்தில் இரண்டாம் தரம் தொடக்கூடாது. கடைசியில் பச்சைத் தண்ணி, அவ்வளவுதான். அலகைத் தினமும் தோல்வாரில் தீட்டுவான். பொரி குறைந்தது. முகம் ஓரளவு மனித முகமானது.

நிலுஷாவோ வேறு விதமாக எண்ணிக்கொண்டாள். ஒருநாள் வேலியருகே நின்று என்னிடம் சொன்னாள்.

"மச்சாள், உங்கட தம்பிக்கு எல்லாம் முடிஞ்சுது. பிள்ளையைப் புதைச்ச கையோட மினுக்கத் தொடங்கிட்டார். எனக்கு அந்த முகத்தைப் பாக்க ஏலாம இருக்கு."

உண்மை என் நாக்கு நுனிவரை வந்தது. அவனுக்குக் கொடுத்த வாக்கு வாயைக் கட்டியது. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒரே பிள்ளைக்காகத் தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கச்சான் என்கிற வறண்ட புழுதிக் காற்று தொடங்கியது. இறங்குதுறைப் புழுதியும் வியர்வையும் ஹெல்மெட் வாருக்குள் போய் நாடி புண்ணாகிச் சீழ் வைத்தது. கத்தியைத் தொடவே கூடாது என்று டொக்டர் மறித்துவிட்டார். தாடி வளர்ந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, படலை வாசல் பக்கமே போகாமல் என் வளவில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தான். யாரும் காணக்கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த எங்கள் தெரு மக்டலின் அக்கா வேலிக்கு மேலால் அவனைக் கண்டுவிட்டார். நல்ல மனுசி, நிலுஷாவுக்காக நேர்ந்து மெழுகுதிரி கொளுத்தினவர். நிலுஷா தன் வீட்டுப் படலையடியில் வாசல் கூட்டிக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, தம்பி திரும்பத் தாடி விட்டிருக்கிறார். மாதா கண் திறந்திட்டா என்ன? எத்தினை மாசம்?"

விளக்குமாறு நின்றது. கிருஷாந்துக்கு அந்தக் கேள்வி கேட்டுவிட்டது. பாய்ந்துபோய்க் கத்தியை எடுத்து, சோப்பும் இல்லை தண்ணியும் இல்லை, புண்ணுக்கு மேலேயே வைக்கப் போனான். நான் கத்தினேன். நிலுஷா ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்காகத்தானா ஒவ்வொரு நாளும்?"

அவன் தலை குனிந்தான். "உன்னட்ட ஒருத்தரும் கேக்கக்கூடாது எண்டு."

"வையுங்கோ கத்தியை" என்றாள். "கேக்கட்டும். பிள்ளையைப் பற்றி ஒருத்தரும் கேக்காததுதான் எனக்குத் தாங்க ஏலாம இருக்கு."

படலைக்குத் திரும்பிப் போனாள். மக்டலின் அக்கா விளங்கிக்கொண்டு, முக்காட்டைப் பிடித்தபடி நின்றார்.

"இல்லை அக்கா, இப்ப ஒண்டும் இல்லை. அவருக்கு நாடியில புண். எங்களுக்கு ஒரு மகள் இருந்தவ. பேர் யதுஷா."

அந்தப் பேரை நான் முதல் தரம் கேட்டேன். மக்டலின் அக்கா படலையைத் திறந்து உள்ளே வந்து அவளைக் கட்டிப்பிடித்தார்.

"அவ ஆரைப் போல இருந்தவ, மோளே?"

"அவரைப் போல. அந்த நாடி அப்பிடியே."

மாமரத்தடியில் என் தம்பி, புண்ணான நாடியைக் கையால் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டான்.