தொடை தட்டக் கூடாது

காய்ந்த கண்மாய்த் தரையில் வெறுங்காலோடு நின்று, உள்ளங்கையை விரித்துத் தொடையில் ஓங்கி அறைந்தால் பனைமட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம் வரும்; அந்தச் சத்தத்தை எங்கள் ராக்கு அக்காவைப் போல எழுப்பியவர்களை நான் இன்றுவரை பார்த்ததில்லை. திருப்பத்தூர் ரோட்டை விட்டு உள்ளே போகிற எங்கள் ஊரில், அறுப்பு முடிந்து கண்மாய் வற்றியதும், பள்ளிக்கூடம் விட்டு வந்து நாங்கள் கபடி பழகுவது அங்கேதான். அக்கா பன்னிரண்டாவது படித்தாள். நான் ஏழாவது, யாராவது விழுந்தால் இறங்கக் காத்திருக்கிற மாற்று ஆட்டக்காரி.

பழமொழி என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. ஆனாலும் எங்கள் ஊர்ப் பழமொழிகளில் பாதி, பெண்களை அடிப்பதற்கென்றே முறுக்கி வைத்த கயிறு என்பதை அந்தக் கண்மாயில்தான் தெரிந்துகொண்டேன். மாடு பத்திக்கொண்டு போகிறவர்கள், "பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியப்போகுது?" என்பார்கள், "அடுப்பூதுற மூச்சை வச்சுக்கிட்டுச் சடுகுடு பாடுறாளுக பாரு" என்பார்கள். "ஒரு நாளைக்கு நீங்க ஊதிப் பாருங்க அப்பு, மூச்சுன்னா என்னன்னு தெரியும்" என்று அக்கா திருப்பிக் கொடுப்பாள்.

அந்த வருஷம் பங்குனித் திருவிழாக் கபடிப் போட்டியில் பெண்களுக்கும் ஒரு ஆட்டம் வேண்டுமென்று எங்கள் பி.டி. டீச்சர் விழாக் கமிட்டியிடம் நடையாய் நடந்து சம்மதம் வாங்கினார். ஆண்களுக்குக் கிடாயும் கோப்பையும், எங்களுக்கு ஆளுக்கொரு டிபன் பாக்ஸ். ஆட்டம் உச்சி வெயிலில். அதோடு ஒரு கண்டிப்பு: "பொம்பளப் பிள்ளைக தொடை தட்டப்படாது." எதிரணிக்குள் பாடிப் போகிறவர் தொடை தட்டுவதுதானே சவால்? அதை விட்டுவிட்டு ஆடுவது, கும்பிட்டுக்கொண்டே சண்டைக்குப் போவது போல. டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஏனென்றால் சிவகங்கையிலிருந்து விளையாட்டு விடுதிக் கோச் ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. அவர் எடுத்தால் அக்கா விடுதியில் தங்கி ஆடிக்கொண்டே காலேஜ் படிக்கலாம். எடுக்காவிட்டால் தாய்மாமன் வேலுச்சாமிக்குக் கட்டிக்கொடுத்துவிடுவதென்று வீட்டில் பேச்சு.

வெயிலென்று ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. பெண்பிள்ளைகள் விழுவதைப் பார்க்க ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. மைக் பிடித்தவர் புள்ளிகளைச் சொன்னதைவிடக் கேலி சொன்னதுதான் அதிகம். ஓடுகிறவளிடம், "தங்கச்சி, அடுப்புல பாலை வச்சுட்டு வந்துட்டியா?" என்பார், விழுந்தவளைக் காட்டி, "பிள்ளை கோலம் போடுதுப்பா!" என்பார். கூட்டம் உருண்டு சிரிக்கும்.

கடைசிப் பாட்டு. நாங்கள் இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம். மைக்குக்காரர் கலர் சோடா குடிப்பதற்காக மைக்கைக் கோட்டோரப் பெஞ்சில் வைத்த நேரம், அக்கா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்து, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்து, தொடையில் ஓங்கி அறைந்தாள். மைக் அதை வாங்கி, புளியமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்க எறிந்தது. சிரிப்பு அப்படியே அறுந்துபோனது. அந்த அமைதிக்குள் அவள் குரல் மட்டும் பாடிக்கொண்டு உள்ளே போனது, மூன்று பேரைத் தொட்டது. பின்னாலிருந்து காலைப் பிடித்து இழுக்க இழுக்க, கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டாள்.

ஜெயித்துவிட்டோம். கோச் நேராக டீச்சரிடம் வந்து, "இந்தப் பிள்ளைய ஜூன்ல அனுப்பி விடுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார். அக்கா மண் ஒட்டிய வாயோடு தரையில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வேலுச்சாமி மாமா ஆடுகளத்துக்குள் வந்தார். அடிப்பார் என்று நடுங்கினோம். அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். அவர் மைக்கைத்தான் எடுத்தார், பூப்போல எடுத்தார். "எல்லாரும் கேட்டுக்கங்க. இப்பத் தொடை தட்டுச்சே, அது எங்க அக்கா மக. வர்ற வைகாசியில எனக்கும் அதுக்கும் கல்யாணம். பத்திரிகை வரலைன்னு இருந்துறாதீக, குடும்பத்தோட வந்துருங்க."

அன்றைக்கு விழுந்த பெரிய கைதட்டல் அதற்குத்தான். விசில் பறந்தது. "தட்டுன கைக்கு வளையல் பூட்டியாச்சுப்பா!" என்றார் மைக்குக்காரர். கோச் டீச்சரைப் பார்த்தார்; டீச்சர் தரையைப் பார்த்தார்; கோச் பஸ் ஏறப் போய்விட்டார். வீட்டில் அக்கா அழுதபோது அவள் அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "சபையில விழுந்த சொல்லை அள்ள முடியுமாடி?" வைகாசியில் கல்யாணம் நடந்தது. பரிசாக வந்த டிபன் பாக்ஸில் பல வருஷம் மாமாவுக்கு வயலுக்குச் சோறு போனது.

இந்தப் பங்குனிக்கு ஊருக்குப் போயிருந்தேன். குழாய் ஒலிபெருக்கியும் இல்லை, டிபன் பாக்ஸும் இல்லை; பெண்கள் ஆட்டம் விளக்கொளியில் நடக்கிறது, ஆண்களுக்குச் சமமான கோப்பை, செல்போனில் நேரலை, தட்டினால் அதிர்கிற தொடைகள். பேனரில் விழாக் கமிட்டித் தலைவர் வேலுச்சாமி மாமாவின் படம். கீழே "பெண்கள் விளையாட்டின் காவலர்" என்று எழுத்து. கோப்பையைக் கொடுத்துவிட்டு அவர் மைக்கைப் பிடித்தார். "எங்க வீட்டுலயும் அந்தக் காலத்துல ஒரு ஆட்டக்காரி இருந்தா. ஏ ராக்கு, இங்குட்டு வா, ஒரு தட்டுத் தட்டிக் காட்டு!"

என் பக்கத்து நாற்காலியிலிருந்து அக்கா எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினாள். தொடையைத் தட்டவில்லை. மைக்கை வாங்கி, கோப்பையோடு நின்ற பிள்ளைகளைப் பார்த்து, "ஒங்கள்ல யாருக்கும் வைகாசியில கல்யாணம் இல்லையே ஆத்தா?" என்று கேட்டாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எல்லோரையும்விட மாமாதான் பலமாகச் சிரித்தார். கடைசிப் பாட்டில் ஜெயித்துக்கொடுத்த பிள்ளை மட்டும், தன் அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.